செய்தி எழுதக் கற்பித்த வகுப்பறைகள்

கவிதை எழுதக் கற்பிக்க இயலுமா என்னும் வினா மிகப் பழையது. செய்தி எழுதக் கற்பிக்க இயலுமா என்னும் வினா அதனினும் மிக இளையது. ஆயினும் இந்த இரண்டாவது வினாவையொட்டி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் வாதத்தில் கவிஞர்கள் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள் பல உள்ளன. அந்த வாதம் இறுதியில் வந்து நிற்கும் இடம் கற்பனையின் எல்லை. கண்டது எது, கண்டதாகக் கருதிக்கொண்டது எது, சொல்லத் தகுவது எது, சொல்லாமல் விடத் தகுவது எது என்னும் கேள்விகளைப் பல்கலைக்கழக இதழியல் வகுப்பறை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே அதன் வரலாறு எனலாம்.

அச்சுக்கூடமே பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தித்தாள்களில் பணியாற்றியோர் அத்தொழிலை வகுப்பில் அமர்ந்து கற்றவர்கள் அல்லர். சிறுவயதில் அச்சுக்கூடத்துக்குள் நுழைந்து, எழுத்துக் கோக்கப் பழகி, மெய்ப்புப் பார்த்து, பின்னர் எழுதத் தொடங்குவதே பெருவழக்கு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படைத்தலைவராக இருந்து தோல்வி கண்ட ராபர்ட் லீ, போருக்குப் பின் வர்ஜீனியா மாநிலத்து லெக்சிங்டனில் வாஷிங்டன் கல்லூரியின் தலைவரானார். அச்சுத் தொழிலையும் இதழியலையும் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்றை அவர் 1869இல் முன்வைத்தார். மறு ஆண்டே அவர் மறைந்தார். சில ஆண்டுகளில் திட்டமும் மறைந்தது. அக்காலப் பத்திரிகை ஆசிரியர்கள் அதனை ஏளனமாகவே நோக்கினர். செய்தித்தாள் அலுவலகத்தைத் தவிர வேறொரு பள்ளி இத்தொழிலுக்கு உண்டு என்று அவர்களால் எண்ண இயலவில்லை.

1893இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில், பத்திரிகை அனுபவம் பெற்ற ஜோசப் ஃபிரெஞ்ச் ஜான்சன் என்பவர் இதழியலுக்கென ஒரு பாடத்திட்டத்தை வகுத்து நடத்தினார். எனினும் அவ்வினாவை நாடறிந்த வாதமாக்கியவர் ஜோசப் புலிட்சர்.

புலிட்சர் 1847இல் அங்கேரியில் மாக்கோ என்னும் ஊரில் பிறந்தவர். 1864இல் உள்நாட்டுப் போரில் படைவீரராகச் சேர அமெரிக்கா வந்தார். 1868இல் செயின்ட் லூயிஸ் நகரின் ஜெர்மன் மொழி நாளிதழ் ஒன்றில் நிருபரானார். 1883இல் நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளிதழை விலைக்கு வாங்கி, அதனைப் பெரும் விற்பனை உடையதாக்கினார். பரபரப்புச் செய்திக்குப் பெயர் பெற்ற அவ்விதழின் சுவர்களில், துல்லியத்தை மும்முறை வலியுறுத்திய அட்டைகள் தொங்கின என்று, அங்குச் சிறிது காலம் பணியாற்றிய நாவலாசிரியர் தியோடர் டிரைசர் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி என்னும் வினாக்களும் அவ்வட்டைகளில் இருந்தன. 'ஏன்' என்னும் வினா அவற்றில் இல்லை. இச்சிறு குறைபாடு பின்னர் நினைவில் கொள்ளத்தக்கது.

கண்பார்வை ஏறக்குறைய முற்றிலும் போன நிலையில், 1892இல் கொலம்பியா கல்லூரியில் இதழியல் பள்ளி தொடங்கப் பணம் தர முன்வந்தார் புலிட்சர். கல்லூரி மறுத்துவிட்டது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1903இல், இருபது இலட்சம் டாலர் கொடை ஏற்கப்பட்டது. உடனே எதிர்ப்பும் எழுந்தது. மூத்த பத்திரிகையாளர் ஹொரேஸ் வைட் 1904 ஜனவரியில் 'நார்த் அமெரிக்கன் ரிவ்யூ' இதழில் இம்முயற்சியை மறுத்து எழுதினார். அதே இதழில் மே மாதம் புலிட்சர் நீண்டதொரு மறுமொழி அளித்தார்.

அம்மறுமொழியின் சாரம் இது. பத்திரிகையாளன் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை என்பது வெறும் பேச்சு. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் பள்ளி வேண்டுமெனில், மக்கள் கருத்தை வடிப்பவனுக்கு மட்டும் ஏன் வேண்டாம்? செய்தி அலுவலகத்தில் கற்கலாம் என்பர். ஆனால் புதிதாக வரும் இளைஞனுக்குக் கற்றுக்கொடுக்க அங்கு எவருக்கும் நேரமும் இல்லை, மனமும் இல்லை. இவ்வாறு கூறி, சட்டம், அறம், இலக்கியம், வரலாறு, பொருளியல், புள்ளியியல், பிறமொழிகள், அறிவியல் என ஒரு பாடவரிசையை அவர் அடுக்கினார். உண்மையும் துல்லியமும் அவ்வரிசையில் தனிப்பாடமாக இடம்பெற்றன. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட், விளம்பரம், விற்பனை, அலுவலக நிர்வாகம் ஆகியவற்றையும் கற்பிக்கலாம் என்று கருத்துரைத்திருந்தார். புலிட்சர் அதனை ஏற்கவில்லை. வணிகத்தால் செல்வம் குவித்த ஒருவர், வணிகப் பாடம் இப்பள்ளியில் வேண்டாம் என்றது கருதத்தக்கது. 1911 அக்டோபரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கொலம்பியா இதழியல் பள்ளி தன் வகுப்புகளைத் தொடங்கியது.

ஊருக்கு நடுவே ஒரு வகுப்பறை

கொலம்பியாவுக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, மிசூரி பல்கலைக்கழகம் தனி இதழியல் பள்ளியைத் திறந்துவிட்டது. அதனை நிறுவிய வால்ட்டர் வில்லியம்ஸ் அச்சுக்கூடத்தில் எடுபிடிச் சிறுவனாகத் தொடங்கி ஆசிரியரானவர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். பள்ளிப் படிப்பின் பயனை அதனைப் பெறாதவரே நன்கு உணர்ந்திருந்தார் போலும். பின்னாளில் அவர் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார்.

1908 செப்டம்பர் 14 அன்று மிசூரியில் முதல் வகுப்பு நடந்தது. அன்றே 'யூனிவர்சிட்டி மிசூரியன்' என்னும் செய்தித்தாளின் முதல் இதழும் வெளிவந்தது. அது கல்லூரி மாணவர்கள் தமக்குள் படித்துக்கொள்ளும் இதழாக இராமல், ஊர்மக்கள் படிக்கும் செய்தித்தாளாக அமைந்தது. மாணவர்கள் நகர மன்றத்துக்குச் சென்றனர், நீதிமன்றத்தில் அமர்ந்தனர், தீ விபத்து நடந்த தெருவில் நின்றனர். எழுதியதைப் பேராசிரியர் திருத்தினார். அச்சேறியதை ஊர் படித்தது. பிழை இருப்பின் பிழைக்குரியவரே மறுநாள் வாசலில் வந்து நிற்கும் சூழல் அது. வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ அப்படி இதழியலுக்குச் செய்தித்தாள் என்னும் இம்முறை 'மிசூரி முறை' என்றே பெயர் பெற்றது. 1914இல் வில்லியம்ஸ் எழுதிய பத்திரிகையாளர் உறுதிமொழி பின்னர் வெண்கலத்தில் வடிக்கப்பட்டு வாஷிங்டன் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் வைக்கப்பட்டது.

ஆகவே, தொடக்கத்திலேயே இரண்டு மரபுகள் அருகருகே வளர்ந்தன. செய்தியாளன் முதலில் கற்றறிந்தவனாக வேண்டும் என்பது புலிட்சரின் எண்ணம். கைப்பழக்கம் பெற்றவனாக வேண்டும் என்பது வில்லியம்ஸின் எண்ணம். இன்றுவரை இதழியல் துறைகள் இவ்விரண்டுக்கும் இடையேதான் நடைபயில்கின்றன.

கப்பலில் இல்லாத பூனை

கொலம்பியா வகுப்புகள் தொடங்கிய மறு ஆண்டில், அதாவது 1913இல், புலிட்சரின் மகன் ரால்ஃப் புலிட்சர் 'வேர்ல்டு' நாளிதழில் துல்லியத்துக்கும் நேர்மைக்கும் என ஒரு தனிப்பிரிவை அமைத்தார். வாசகரின் முறையீடுகளை ஆராய்வது அதன் பணி. அதன் பொறுப்பில் இருந்த ஐசக் வைட் ஒரு விந்தையைக் கவனித்தார். கப்பல் உடைந்த செய்தி ஒவ்வொன்றிலும் கப்பலின் பூனை காப்பாற்றப்பட்டதாக ஒரு வரி இருந்தது. எல்லாக் கப்பலிலும் பூனை எப்படி வந்தது என்று அவர் கப்பல் செய்தி எழுதும் நிருபரை வினவினார்.

நிருபரின் விடை இதுதான். உடைந்த கப்பல் ஒன்றில் உண்மையாகவே ஒரு பூனை இருந்தது. மாலுமிகள் திரும்பிச் சென்று அதனைக் காப்பாற்றினர். அந்நிருபர் அதனைச் சுவையாக எழுதினார். மற்ற இதழ்களின் நிருபர்கள் பூனையைக் குறிப்பிடவில்லை. அதனைத் தவறவிட்டதற்காகத் தத்தம் ஆசிரியர்களிடம் திட்டு வாங்கினர். அடுத்த கப்பல் உடைந்தபோது அதில் பூனை இல்லை. ஆயினும் மற்றவர்கள் எச்சரிக்கையாக ஒரு பூனையைச் சேர்த்துக்கொண்டனர். உண்மையை எழுதிய இந்நிருபர் பூனையை விட்டுவிட்டார். இம்முறை திட்டு அவருக்குக் கிடைத்தது. அதன் பின்னர் எந்தக் கப்பல் உடைந்தாலும் எல்லாரும் பூனையைச் சேர்த்தே எழுதினர்.

இதழியல் கல்வியின் தேவையை இதைவிடத் தெளிவாக விளக்கும் கதை வேறில்லை. அந்நிருபர்கள் தீயவர்கள் அல்லர். எழுதத் தெரியாதவர்களும் அல்லர். அவர்கள் பயின்ற பள்ளி அப்படி. செய்தி அலுவலகம் என்னும் பள்ளியில் பூனையைச் சேர்த்தவன் தேறுகிறான், விட்டவன் தோற்கிறான். இல்லாத பூனையை விட்டதற்காகத் திட்டு விழாத ஓரிடம் வேண்டும். சேர்த்ததற்காக மதிப்பெண் குறையும் ஓரிடம் வேண்டும். ஹொரேஸ் வைட்டுக்குப் புலிட்சர் சொல்லிய விடையைக் காட்டிலும் வலிய விடை, புலிட்சரின் அலுவலகத்திலேயே கிடைத்தது.

பயிற்றப்பட்ட திறன்கள்

அவ்விடத்தில் கற்பிக்கப்பட்டவை யாவை? முதலாவது, வினவுதல். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் ஆறு வினாக்கள் இதழியல் மாணவனின் அரிச்சுவடி. இவை பத்திரிகையாளர் கண்டவை அல்ல. பழங்கால மேலைநாட்டு அணியியல் அறிஞர்கள் சொற்பொழிவுக்கென வகுத்த வினாக்களின் வழிவந்தவை. ருட்யார்ட் கிப்ளிங் 1902இல் வெளியிட்ட குழந்தைக் கதை நூலில் இவற்றைப் பணியாட்களாக உருவகித்துப் பாடினார். வகுப்பறைச் சுவர்களுக்கு அப்பாடல் அடிக்கடி சென்றது.

இரண்டாவது, அடுக்கும் முறை. செய்தியின் தலையாய கூற்று முதற்பத்தியில் அமையவேண்டும். அடுத்தடுத்த பத்திகளில் முக்கியத்துவம் படிப்படியாகக் குறையவேண்டும். இதனைத் தலைகீழ்க் கூம்பு என்பர். இடம் போதாதபோது அச்சுக்கோப்பவர் அடியிலிருந்து வெட்டினாலும் செய்தி உயிரோடு இருக்கும் என்பது இதன் பயன். வெண்பா பயின்றவர்க்கு இது விந்தையாகத் தோன்றக்கூடும். வெண்பாவின் வலு முழுதும் ஈற்றடியில் வந்து இறங்கும். செய்தியின் வலு முழுதும் முதலடியிலேயே தீர்ந்துவிட வேண்டும். கவிதையிலிருந்து செய்திக்கு வரும் மாணவர் பெரிதும் இடர்ப்படும் இடம் இதுவே.

மூன்றாவது, குறிப்பெடுத்தல். ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையும், 1968இல் ஜேம்ஸ் ஹில் அமைத்த 'டீலைன்' முறையும் பிரிட்டனில் செய்தியாளர் பயிற்சியின் உயிர்நாடியாக விளங்கின. நிமிடத்துக்கு 100 சொல் எழுதும் தேர்ச்சியை அந்நாட்டின் பயிற்சிக் குழு பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்தது. இலண்டன் பல்கலைக்கழகம் 1919 முதல் 1939 வரை இதழியல் பட்டயம் ஒன்றை வழங்கிற்று. அதில் ஏட்டுக்கல்வி மிகுதி, கைப்பயிற்சி குறைவு. போர் மூண்டதும் அது நின்றது. 1970இல் கார்டிஃபில் புகழ்பெற்ற ஆசிரியர் டாம் ஹாப்கின்சன் தொடங்கிய முதுநிலைப் படிப்பே அக்குறையை நீக்கியது.

நான்காவது, பெயர். இது எளிதாகத் தோன்றுவது, உண்மையில் கடினமானது. சிக்காகோ அருகே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 1921இல் தொடங்கிய மெடில் இதழியல் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரை எவ்வளவு சிறப்பாக இருப்பினும், ஒருவர் பெயரைப் பிழைபட எழுதினாலோ வேறு பெரிய தகவல் பிழை நேர்ந்தாலோ அதற்குத் தோல்வி மதிப்பெண்தான். 'மெடில் எஃப்' என்று அதனை மாணவர் அழைத்தனர். தன் பெயர் தவறாக அச்சேறியதைக் காணும் வாசகன், அச்செய்தியின் மற்ற வரிகளையும் நம்பமாட்டான் என்பது அதன் அடிப்படை. கடுமை எனத் தோன்றும் இவ்விதி, பூனையைத் தடுக்கும் முதல் வேலி.

'ஏன்' என்னும் வினா

துல்லியம் என்பது பெயரோடும் தேதியோடும் நின்றுவிடுவதில்லை என்பதை 1920ஆம் ஆண்டு காட்டியது. வால்ட்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் ரஷ்யப் புரட்சி குறித்து 'நியூயார்க் டைம்ஸ்' 1917 மார்ச் முதல் 1920 மார்ச் வரை வெளியிட்ட செய்திகளை வரிவரியாக ஆராய்ந்தனர். ஆய்வு 1920 ஆகஸ்டு 4 அன்று 'நியூ ரிபப்ளிக்' இதழின் இணைப்பாக வந்தது. சோவியத்து ஆட்சி வீழப்போகிறது அல்லது வீழ்ந்துவிட்டது என்று அந்நாளிதழ் 91 முறை எழுதியிருந்தது. ஆட்சியோ வீழவில்லை. செய்தியாளரும் ஆசிரியரும் உள்ளதைக் காணவில்லை, தாம் விரும்பியதைக் கண்டனர் என்பதே ஆய்வின் முடிவு. பொய் சொல்லும் நோக்கம் எவருக்கும் இல்லை. விருப்பமே பூனையாகி வந்து அமர்ந்துகொண்டது. சான்றை ஆராயும் பயிற்சியே செய்தியாளனின் தலையாய பயிற்சி என்று லிப்மன் அதே ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

1938இல் கர்ட்டிஸ் மெக்டூகல் தம் பாடநூலை விளக்கமுறைச் செய்தி என்னும் பொருள்படும் பெயரில் வெளியிட்டார். புலிட்சரின் சுவர் அட்டைகளில் விடுபட்ட 'ஏன்' வகுப்பறைக்குள் முறையாக நுழைந்தது அந்நூல் வழியாகத்தான் எனலாம். பொருளாதாரப் பெருவீழ்ச்சி நிகழ்ந்துவிட்ட காலம் அது. வங்கி மூடியது என்று மட்டும் எழுதினால் போதாது, ஏன் மூடியது என்றும் மக்கள் கேட்டனர்.

'ஏன்' கேட்கத் தவறியதன் விலை 1950இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரி 9 அன்று வீலிங் நகரில் பேசிய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, அரசின் வெளியுறவுத் துறையில் பொதுவுடைமைக் கட்சியினர் உள்ளதாகக் குற்றஞ்சாட்டினார். முதலில் 205 என்று செய்தி வந்தது. பின்னர் அவரே 57 என்றார். செய்தியாளர்கள் அவர் கூறியதைக் கூறியவாறே துல்லியமாக எழுதினர். மேற்கோள் பிழையற்றது, மேற்கோளின் உள்ளே இருந்தது ஆதாரமற்றது. சொன்னதைச் சரியாக எழுதுவதும் சரியானதை எழுதுவதும் வேறு வேறு என்னும் பாடம் அன்றுமுதல் இதழியல் வகுப்புகளில் நீங்காத இடம் பெற்றது.

எண்ணின் ஆற்றலை 1967 உணர்த்தியது. அவ்வாண்டு டெட்ராய்ட் நகரில் பெருங்கலவரம் மூண்டது. கல்வியற்றவர்களும் தென்மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களுமே கலகம் செய்தனர் என்று பலரும் கருதினர். அதற்கு முந்திய கல்வியாண்டை ஹார்வர்டில் சமூக அறிவியல் ஆய்வுமுறைகளைக் கற்பதில் செலவிட்டிருந்த ஃபிலிப் மேயர் என்னும் செய்தியாளர், கலவரப் பகுதியின் கறுப்பின மக்கள் 437 பேரை முறையாகத் தெரிவுசெய்து வினவும் ஆய்வை வழிநடத்தினார். கல்லூரிப் படிப்புப் பெற்றவர்களும் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் பங்கேற்றிருந்தனர். தெற்கிலிருந்து வந்தவர்களைவிட வடக்கில் வளர்ந்தவர்களே மிகுதியாகக் கலந்துகொண்டிருந்தனர். எல்லாருக்கும் தெரிந்த உண்மை என்பது உண்மையே அன்று என்றாயிற்று. 1973இல் அவர் எழுதிய நூலுக்குப் பின் புள்ளியியல் இதழியலின் அடிப்படைத் திறன்களுள் ஒன்றாயிற்று. புலிட்சர் 1904இலேயே அதனைப் பாடவரிசையில் வைத்திருந்தார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

இந்தியாவிலும் தமிழிலும்

இந்தியாவில் இவ்விதை விழுந்த இடம் சென்னை அடையாறு. 1920இல் அன்னி பெசன்ட் அங்கிருந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பைத் தொடங்கினார். மாணவர்களின் கைப்பயிற்சிக்கு அவருடைய 'நியூ இந்தியா' நாளிதழ் இருந்தது. வகுப்பு நீடிக்கவில்லை. 1938இல் அலிகரில் தொடங்கிய பட்டய வகுப்பும் விரைவில் நின்றது. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பிரித்வி பால் சிங் தொடங்கிய துறையே வேரூன்றியது. மிசூரியில் பயின்று திரும்பியவர் அவர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் அத்துறை தில்லிக்கும், 1962இல் சண்டிகருக்கும் பெயர்ந்தது. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதழியல் கற்பிக்கத் தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் மைசூரிலும் நாகபுரியிலும் வகுப்புகள் தோன்றின. நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ரோலண்ட் வுல்ஸ்லி, இந்திய இதழியல் குறித்து 1953இல் ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டார். 1965 ஆகஸ்டு 17 அன்று தில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் நிறுவப்பட்டது.

ஆயின், தமிழ்ச் செய்தித்தாள்கள் இவற்றுக்கெல்லாம் முன்னரே தம் பள்ளியைத் தாமே நடத்தி வந்தன. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899இல் நாளிதழாயிற்று. 1904 நவம்பரில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியின் தற்காலிகத் தமிழாசிரியர் பணியை விட்டு அங்கு வந்து சேர்ந்த துணையாசிரியர் சுப்பிரமணிய பாரதி. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவருடைய பணி. நாள்தோறும் குறித்த நேரத்துக்குள், ஊரார்க்குப் புரியும் சொல்லில், உலகச் செய்தியைத் தமிழில் சொல்லும் அப்பயிற்சிக்குப் பட்டமும் இல்லை, பாடநூலும் இல்லை. அதன் பின்னரே 1906இல் 'இந்தியா' வார இதழ் பாரதியின் கைக்கு வந்தது.

1942இல் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், தம் நிருபர்களுக்கும் துணையாசிரியர்களுக்கும் வழிகாட்ட 'இதழாளர் கையேடு' எழுதினார். பேச்சில் வழங்கும் சொல்லையே ஆளவேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர்க் கல்லூரிகளில் இதழியல் தமிழ்வழிப் பாடமாக இடம்பெற்றபோது மா. பா. குருசாமியின் 'இதழியல் கலை' போன்ற நூல்கள் மாணவர்க்குத் துணை செய்தன.

தமிழ் மாணவன் கற்கவேண்டிய திறன்களில் ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லாத ஒன்று உண்டு. நெடுங்காலம் செய்தி நிறுவனங்களின் செய்தி ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றே. லகர ளகர ழகரங்கள் பெரும்பாலும் ஒன்றே. நகர னகர ணகரங்களும் ஒன்றே. தாளில் இருப்பதை எழுத்துக்கூட்டி எழுதினால் அழகர் அலகர் ஆவார். பழனி பலனி ஆகும். பழகிய பெயர்களில் பிழை நேராது. பழகாத சிற்றூரின் பெயரிலும் எளியவர் ஒருவரின் பெயரிலும்தான் நேரும். அப்பெயருக்கு உரியவர் வாழ்நாளில் ஒரே முறை செய்தித்தாளில் இடம்பெறுபவராக இருக்கக்கூடும். ஆகவே தெரியாத பெயரைக் கேட்டு எழுதுவது தமிழ் இதழியலில் இலக்கணப் பயிற்சியாகவும் அறப்பயிற்சியாகவும் அமைகிறது.

ஜிம்மி என்னும் சிறுவன்

1980 செப்டம்பர் 28 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஒரு நீண்ட செய்திக்கட்டுரை வந்தது. எட்டு வயதுச் சிறுவன் ஜிம்மி ஹெராயினுக்கு அடிமையாகி இருப்பதை, அவன் கையில் ஊசி ஏறுவதை, இளம் செய்தியாளர் ஜேனட் குக் கண்முன் நிறுத்தினார். நகரமே பதறியது. காவல் துறை சிறுவனைத் தேடிற்று; கிடைக்கவில்லை. 1981 ஏப்ரலில் அக்கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது. அவருடைய படிப்பு விவரங்கள் அச்சானபோது, அவர் முன்பு பணியாற்றிய இதழினர் அவை தமக்குத் தெரிந்தவற்றோடு முரண்படுவதைக் கண்டனர். வினவத் தொடங்கியதும், பட்டம் பொய் என்று வெளிப்பட்டது. பின்னர் ஜிம்மியும் பொய் என்று வெளிப்பட்டது. பரிசு திருப்பித் தரப்பட்டது. அந்நாளிதழே தன் பிழையை விரிவாக ஆராய்ந்து பல பக்கங்களில் வெளியிட்டது.

துல்லியத்தை மும்முறை சுவரில் எழுதியவரின் பெயரால், அவர் நிறுவிய பள்ளி உள்ள பல்கலைக்கழகம் வழங்கும் பரிசு, இல்லாத சிறுவனுக்குக் கிடைத்தது. வரலாற்றின் முரண்களில் இது ஒன்று. அதுமட்டுமன்று. அக்கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருந்தது. அதன் நடையே வாசகரையும் ஆசிரியரையும் நடுவரையும் கேள்வி கேட்க விடாமல் தடுத்தது. சிறுகதையாக வந்திருப்பின் அது குற்றமாகாது. செய்தியாக வந்ததால், பல அதிகாரிகளும் காவலரும் இல்லாத ஒரு சிறுவனைத் தேடி அலைந்தனர். உண்மையில் அந்நிலையில் இருந்த சிறுவர்கள் நம்பப்படாமல் போகும் இடரும் நேர்ந்தது.

இதற்கு மாறான சான்றும் வகுப்பறைகளில் வைக்கப்படுகிறது. ஜான் ஹெர்சி, அணுகுண்டுக்குத் தப்பிய ஆறு பேரின் அனுபவத்தை 1946இல் எழுதினார். 'நியூயார்க்கர்' ஆகஸ்டு 31ஆம் நாள் இதழ் முழுவதையும் ஹிரோஷிமா குறித்த அக்கட்டுரைக்கே ஒதுக்கியது. நாவலின் கட்டமைப்பு அதில் உண்டு. கேட்டறியாத ஒன்று அதில் சேர்க்கப்படவில்லை. இட்டுக்கட்டியது எதுவும் இல்லை என்பதே செய்தியாளனின் உரிமச்சீட்டில் உள்ள வாசகம் என்னும் கருத்துப்பட அவரே 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். கலைத்திறனும் மெய்ம்மையும் பகையல்ல என்பதற்கு ஹெர்சியும், மெய்ம்மையற்ற கலைத்திறன் செய்தியில் என்ன செய்யும் என்பதற்கு ஜிம்மியும் சான்றாக நிற்கின்றனர்.

மாறியதும் மாறாததும்

எழுத்துக் கோக்கும் பலகை போயிற்று. தந்தியும் தொலைஅச்சும் போயின. சுருக்கெழுத்தின் இடத்தை ஒலிப்பதிவு பெரிதும் பிடித்துக்கொண்டது. இன்றைய மாணவர்கள் கைப்பேசியில் காணொளி எடுக்கவும், ஒரு புகைப்படம் எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்று ஆராயவும் கற்கின்றனர். சொன்ன மாத்திரத்தில் பிழையற்ற நடையில் பத்திகளை எழுதித் தரும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. நடையழகுக்கு இனிப் பஞ்சமில்லை. கேட்டால் அப்பொறி கப்பலையும் எழுதும். கேளாமலே பூனையையும் சேர்க்கும். ஆகவே சேர்க்கும் திறனின் மதிப்புக் குறைந்து, விலக்கும் திறனின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. சென்று பார்த்தல், உரியவரிடம் கேட்டல், மற்றொருவரிடம் ஒப்புநோக்கல், உறுதிப்படாததை அடித்துவிடல் ஆகிய நான்கும் 1908இல் மிசூரி மாணவன் செய்தவை. இன்றைய மாணவனும் இவற்றையே செய்யவேண்டியுள்ளது.

கவிஞனுக்குப் பூனை உரியது. இல்லாத கப்பலையும் அவன் கடலில் விடலாம். அதற்கு அவனிடம் எவரும் சான்று கேட்பதில்லை. ஆனால் கவிஞர்களும் சில வேளைகளில் செய்தியாளர் ஆகின்றனர். இலக்கிய அமைப்பு எதுவாயினும், ஒவ்வொரு திங்களும் கூட்டம் முடிந்தபின் எவரேனும் ஒருவர் நிகழ்ச்சிக் குறிப்பை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது வழக்கம். 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்னும் வரி தமிழ்நாட்டு இலக்கியக் கூட்டக் குறிப்புகளில் தவறாமல் காணப்படுவது. மழை பெய்த மாலையில் பதினான்கு பேர் வந்திருந்தாலும் அவ்வரி இருக்கும். முன்னொரு நாள், ஏதோ ஒரு கூட்டத்துக்கு, உண்மையாகவே திரளானோர் வந்திருப்பர். அன்று எழுதப்பட்ட வரி அது.

பதினான்கு பேர் வந்திருந்தனர் என்று எழுதுவதால் கூட்டத்தின் பெருமை குறைவதில்லை. மழையிலும் வந்த பதினான்கு பேரின் பெயரைப் பிழையின்றி எழுதினால், பின்னாளில் அக்குறிப்பே அவ்வமைப்பின் வரலாறாகும். இதழியல் வகுப்பறைகள் நூறாண்டுக்கு மேலாகக் கற்பித்து வந்த திறனும் அதுவே.